காலி ஃபோல்டர்கள்

என் வேலையைப் பற்றி யாராவது விசாரித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். சொன்னால் புரியாது, புரிந்தால் இதுக்கா சம்பளம் தருகிறார்கள் என்பார்கள். கம்ப்யூட்டரில் சேரும் குப்பைகளை, அதாவது ஒரே ஃபைலின் இரட்டைப் பிரதிகள், காலி ஃபைல்கள், காலி ஃபோல்டர்கள் ஆகியவற்றைத் தேடி அழிக்கும் மென்பொருளைப் பெங்களூரில் ஒரு கம்பெனி செய்கிறது. அது அழிக்க வேண்டியதை அழிக்கிறதா, மற்றதைத் தொடாமல் விடுகிறதா என்று பார்க்க டெஸ்ட் எழுதுவது என் வேலை. சிவகாசியில் வீட்டிலேயே உட்கார்ந்து நாள் முழுக்கப் பொய் ஃபோல்டர்களை உண்டாக்கி, உள்ளே பொய் ஃபைல்களைப் போட்டு, மென்பொருளை ஏவிவிட்டு, மிச்சம் என்ன என்று எண்ணுவேன். ரிட்டயர்டு டீச்சரான என் அம்மா இதை ஒரு வாரம் கவனித்துவிட்டு, "நீயே குப்பையப் போட்டு நீயே கூட்டுறதுக்கா இம்புட்டுப் படிச்ச?" என்றார்.

எனக்கு இந்த வேலையில் கர்வம் உண்டு. உண்டு என்ன, இருந்தது. பெயர் ஒரு முழ நீளம் உள்ள ஃபைல், பெயருக்கு நடுவே இடைவெளி விட்ட ஃபைல், சீன எழுத்தில் பெயர், அரபியில் பெயர் என்று மனிதர்கள் செய்யக்கூடிய கிறுக்குத்தனம் அத்தனைக்கும் டெஸ்ட் வைத்திருந்தேன். எல்லாம் பச்சையாக, 'பாஸ்' என்று வந்து நிற்கும்போது நானே பரீட்சையில் தேறியதுபோல ஒரு டீ போட்டுக் குடிப்பேன்.

என் அண்ணன் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் பிரஸ் வைத்திருக்கிறான். ஆடி பிறந்தால் அவனுக்குச் சீசன் உச்சத்துக்கு வந்துவிடும். லேபிள் போகாமல் பட்டாசு லோடு ஏறாது. ஒரு தடவை தவறினால் அந்தப் பார்ட்டி அடுத்த தெரு பிரஸ்ஸுக்குப் போய்விடுவார், அப்புறம் திரும்பிப் பார்க்க மாட்டார். அப்படிப்பட்ட நேரத்தில் பிரஸ் கம்ப்யூட்டரில் இடம் நிரம்பிவிட்டது.

"ஏ பிள்ள, நீதான் ஃபைல அழிக்கிற கம்பெனில இருக்கியே. இங்கன வந்து கொஞ்சம் அழிச்சுக் குடேன்" என்று போன் செய்தான். நான் எழுந்த வேகத்தைப் பார்த்து அம்மாவே பயந்துவிட்டார்.

அன்று ஆடி வெள்ளி. அந்தக் கம்ப்யூட்டரில் வருஷக்கணக்காக டிசைன் செய்யும் அக்கா இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்தார். ஃபோல்டர்களைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். பைனல், பைனல் 2, ஒரிஜினல் பைனல், இதுதான் பைனல், அண்ணாச்சி ஓகே சொன்ன பைனல். அது போதாதென்று, ஃபோல்டருக்கு ஒன்றாக 'உ' என்று பெயர் வைத்த காலி ஃபைல்.

"அக்கா பிள்ளையார் சுழி போடாம எந்த வேலையும் தொட மாட்டாக. நம்ம சர்ச் அசன விருந்து நோட்டீஸுக்கும் அதுதான் மொதல்ல" என்றான் அண்ணன். "எடமே எடுக்காத பிள்ளையாரு. இருந்துட்டுப் போகட்டுமே."

"வேலதான் முடிஞ்சிருச்சே, இன்னும் எதுக்குண்ணே சுழி? குப்பை குப்பைதான்" என்றேன். காலி ஃபைலை அழி, அதனால் ஃபோல்டர் காலியாகிவிட்டால் ஃபோல்டரையும் அழி. இந்த விதிக்கு டெஸ்ட் எழுதியவளே நான்தான். எங்கள் மென்பொருளை ஏற்றிப் பட்டனைத் தட்டினேன். இரட்டைப் பிரதிகளும் போய்ப் பாதி டிஸ்க் காலியானது. அண்ணன் புரோட்டா வாங்கிக் கொடுத்தான். கிடைத்த இடத்தில் அன்றைக்கே புது டிசைன்களாகக் கொட்டி நிரப்பியும் விட்டான்.

மறுநாள் காலை அண்ணன் போன் செய்தான். "வா" என்று மட்டும் சொன்னான். போனால், அக்கா கம்ப்யூட்டர் முன்னால் நெற்றி நிறைய விபூதியோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா, எங்க ஆர்டரெல்லாம் எங்க போச்சு?"

பிறகுதான் எனக்கு விளங்கியது. ஒரு பார்ட்டி போனில் ஆர்டர் சொன்னதும் அக்கா நோட்டில் எழுதுவதில்லை. ஒரு ஃபோல்டர் திறந்து, பார்ட்டி பெயர், லேபிள், எண்ணிக்கை மூன்றையும் அந்த ஃபோல்டருக்கே பெயராக வைத்து, உள்ளே ஒரு பிள்ளையார் சுழியைப் போட்டுவிடுவார். டிசைன் எப்போது தொடங்குவாரோ அப்போதுதான் உள்ளே வேறு ஃபைல் வரும். சுழி மட்டும் இருக்கிறது என்றால் இன்னும் தொடங்காத ஆர்டர் என்று அர்த்தம். நான் அழித்தது குப்பையை இல்லை. சீசனில் இனிமேல் செய்ய வேண்டிய வேலை முழுவதையும்.

அழித்ததை மீட்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன்; அண்ணன் கொட்டி நிரப்பியதில் ஒன்றும் தேறவில்லை. அப்போதுதான் லாக் ஃபைல் ஞாபகம் வந்தது. எங்கள் மென்பொருள் எதை எதை அழித்தது என்று வரி வரியாக எழுதிவைக்கும். உயிர் வந்து திறந்தேன். முப்பத்தோரு ஃபோல்டர், முப்பத்தோரு வரி. முதல் வரி இப்படி இருந்தது:

????????? ?????? 20000

அத்தனை வரியும் அப்படியே. எண்களைத் தவிர ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறி. லாக் இருக்கிறதா, வரிகளின் கணக்குச் சரியா என்று டெஸ்ட் வைத்தவள், அந்த வரியை மனிதர் படிக்க முடியுமா என்று ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. சீனமும் அரபியும் போட்டவளுக்குத் தமிழில் ஒரு பெயர் வைக்கத் தோன்றவும் இல்லை. வெட்கமாக இருந்தது.

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இருபதாயிரம். இது சங்குச் சக்கரம், மல்லாங்கிணறு ரோட்டுப் பார்ட்டி. ஏழாயிரத்து ஐந்நூறுன்னு அரகொறையா ஆர்டர் குடுக்கிறது ஊருக்கே ஒருத்தர்தான், எழுதிக்கோ பாப்பா." மத்தியானத்துக்குள் இருபத்திரண்டு ஆர்டர் திரும்பி வந்துவிட்டது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

மிச்சத்துக்குப் போன்தான் வழி. ஆனால் ஆர்டரைத் தொலைத்துவிட்டோம் என்று சொல்ல அண்ணனுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. சும்மா நலம் விசாரிப்பதுபோலப் பேச்சுக் கொடுத்தான். "சும்மாதான் அண்ணாச்சி. சாப்பிட்டீகளா?" அவன் ஜென்மத்தில் யாரையும் சாப்பிட்டீகளா என்று கேட்டதில்லை. ஒருவர் ரேட்டை ஏற்றப் போகிறானோ என்று பதறினார். இன்னொருவர், "வீட்ல எல்லாரும் நல்லாருக்காகள்ல? ஒண்ணும் அசம்பாவிதம் இல்லையே?" என்றார். ஆர்டரே கொடுக்காத இரண்டு பேர், கூப்பிட்ட தோஷத்துக்குப் புதிதாக ஆர்டர் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் முப்பது வந்துவிட்டது.

கடைசி வரி மட்டும் பாக்கி. எண்ணிக்கை ஐந்நூறு.

"ஐந்நூறு லேபிள எவன் கேப்பான்?" என்று அண்ணன் மண்டையை உடைத்துக்கொண்டான். "புதுப் பார்ட்டி எவனோ சாம்பிளுக்குக் குடுத்திருக்கான். அவனத்தான் விடக் கூடாது. அக்கா, நல்லா யோசிங்க."

"ஞாபகம் இல்ல மொதலாளி" என்றார் அக்கா, திரையைப் பார்த்தபடியே. ஊரில் எவன் எத்தனை லேபிள் கேட்பான் என்பதை மனப்பாடமாகச் சொன்ன அதே அக்கா.

அண்ணன் மறுபடி போனை எடுத்தான். நாலாவது ஆளிடம் அவன் "சாப்பிட்டீகளா" என்று ஆரம்பித்தபோது அக்கா எழுந்து அவன் கையிலிருந்து போனை வாங்கி வைத்தார்.

"அத விடுங்க. அது ஆர்டர் இல்ல. எம் மக கல்யாணப் பத்திரிகை."

"கல்யாணமா? சொல்லவே இல்லையே அக்கா. எப்ப?"

"மாப்பிள்ளையே இன்னும் அமையல. மூணு வருசமாப் பாக்கோம். சுழி போட்டு வச்சா நல்லபடியா ஆரம்பிக்கும்னு போட்டு வச்சேன். அங்கனயே கெடந்துச்சு."

நான் அழுதுவிட்டேன். குப்பை குப்பைதான் என்று நேற்று சொன்ன வாயை அறுத்து எறியலாம்போல இருந்தது. அக்காதான் என் முதுகைத் தட்டினார். அண்ணன் என்னிடம், "ஏ பிள்ள, ஒழுங்கா அந்த ஃபோல்டரத் திரும்பப் போடு. ஐந்நூறு பத்தாது. நம்ம பார்ட்டிகளுக்கே ஐந்நூறு போயிரும், ஆயிரம்னு போடு" என்றான். போட்டேன். சுழியை மட்டும் அக்காவே போட்டார்.

திங்கட்கிழமை பெங்களூர் மேனேஜரிடம் இரண்டு பிழைகளையும் சொன்னேன். லாக் பிழையை உடனே ஒத்துக்கொண்டார். ஃபோல்டர் விஷயத்துக்கு, "காலி ஃபோல்டரை யாராவது வேண்டுமென்றே வைத்திருப்பார்களா?" என்று சிரித்தார். நான் போட்ட சண்டையில், கேட்காமல் எந்த ஃபோல்டரையும் அழிக்கக் கூடாது என்று விதி மாறியது. அதற்கு ஒரு டெஸ்டும் எழுதினேன். அதிலுள்ள பொய் ஃபோல்டரின் பெயர் 'மகள் கல்யாணப் பத்திரிகை 1000'. தினமும் காலையில் மென்பொருள் அதைத் தொடாமல் தாண்டிப் போகிறது, பச்சை விழுகிறது. பிரஸ்ஸில் இருக்கும் அசல் ஃபோல்டர், சுழியைத் தவிர, இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.