யூசுப் பாயின் ஈப்பிடிக்கும் செடி

அன்று காலை தொழிற்சாலை கேட்டைத் தாண்டுவதற்குள் போன் வந்தது. "ஆண்ட்டி, அப்பா போய்ட்டாரு" என்றாள் யூசுப் பாயின் மகள். ஆம்பூரில் எங்கள் தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் பதினெட்டு வருஷம் எனக்கு அடுத்த மேஜையில் இருந்தவர். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்ததோ "ஐயோ, செடி..." என்பதுதான்.

அந்தச் செடியை, ஆய்வகத்துக்கு வந்துபோன உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஜன்னலோரத் தொட்டியில் இருந்ததே, ஈ உட்கார்ந்தால் இலையை மூடிப் பிடித்துக்கொள்ளுமே, அதுதான். பெங்களூரிலிருந்து வாங்கி வந்தபோதே பாதி செத்திருந்தது. மிஞ்சியது ஈப்பிடிக்கும் மூன்று இலை, அதாவது மூன்று வாய். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை பாட்டிலில் பிடித்து, அதை மட்டும்தான் ஊற்றுவார். நான் கேலி செய்வேன். "நம்ம ஊரு தண்ணிய தெனமும் டெஸ்ட் பண்றவன்மா நான். உப்புதான் இதுக்கு எமன்" என்பார்.

ஒருமுறை கழிவுநீர் ரிப்போர்ட்டில் உப்பு அளவைக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லி மேலதிகாரி தலைக்கு மேல் வந்து நின்றார். பாய் பேனாவை நீட்டினார். "நீங்களே எழுதிக்குங்க சார், கையெழுத்தும் நீங்களே போட்டுடுங்க." அவர் போனதும் என்னிடம் திரும்பி, "இருக்கறத இருக்கறபடி எழுதும்மா, அதுக்குத்தான் நமக்கு இந்த மேஜை" என்றார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் சேரும் முன் தொட்டியை என்னிடம் தந்தார். "தண்ணி மட்டும் ஊத்து. தீனிய அதுவே தேடிக்கும்."

தண்ணீரில் நான் தப்பு செய்யவில்லை. ஒருநாள் கல்யாண வீட்டு பிரியாணி வந்தது. பாய் இல்லாமல் சாப்பிட மனசு வரவில்லை. அவர் செடியாவது சாப்பிடட்டுமே என்று மூன்று வாயிலும் அரிசியளவு கறி வைத்தேன். மூன்றும் மூடிக்கொண்டதும் கைதட்டிச் சிரித்தேன், அறிவு கெட்டவள். உப்பும் மசாலாவும் ஊறிய கறி. ஒரு வாரத்தில் மூன்றும் கறுத்து அழுகிப்போயின.

ஆஸ்பத்திரியிலிருந்து பாய் போனில் கேட்டார்: "சுமதிம்மா, செடி எப்டி இருக்குது?"

"ஜோரா இருக்குது பாய்."

ஒரு போட்டோ கேட்டார். முன்பு எடுத்த பழைய படத்தை அனுப்பினேன். "சரிம்மா" என்று மட்டும் பதில் வந்தது. நானும் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

துக்கத்துக்குப் போனபோது அவர் மகள் சொன்னாள்: "அந்தப் படத்த அப்பா பெருசு பண்ணிப் பாத்தாரு ஆண்ட்டி. செவுத்துக் காலண்டர்ல போன மாசத் தேதி இருந்துச்சு. 'சுமதிகிட்ட கேட்டுடாத, பாவம், பேஜாராயிடுவா'ன்னாரு."

பதினெட்டு வருஷத்தில் அவர் கண்டும் விட்டுவிட்ட ஒரே பொய் ரிப்போர்ட் என்னுடையதுதான்.

தொட்டி இப்போது என் மேஜையில் இருக்கிறது, அந்த பாட்டிலும். மண்ணுக்கடியில் உயிர் இருக்கிறதா, தெரியவில்லை. ஊற்றிக்கொண்டிருக்கிறேன். இன்று காலை காலண்டர் தாளைக் கிழித்துவிட்டு ஒரு படம் எடுத்தேன். கறுத்த மூன்று வாய், பின்னால் இன்றைய தேதி. அவர் எண்ணுக்கே அனுப்பினேன்.

இருக்கிறபடிதான் இருக்கிறது, பாய்.