போராம் என்ற பெயருக்குத் திரும்பிப் பார்த்த எங்கள் அம்மா

அம்மாவின் முப்பத்தோராம் நாளில் அவர் நினைவாக அச்சிட்ட இந்தக் கல்வெட்டு நூலைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, மகள் என்ற உரிமையோடு ஒரு மனத்தாங்கலையும் சேர்த்தே எழுதுகிறேன். "செத்த மனிசியைப் பற்றி உதெல்லாம் எழுதாதை" என்றார் அண்ணா. எழுதாவிட்டால் மற்றப் புகழ்ச்சியெல்லாம் எனக்கே பொய்யாகப் படும்.

அம்மா வடமராட்சியில் ஐந்து பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தவர். போர் துரத்த, அப்பாவோடும் எங்கள் இருவரோடும் ரொறன்ரோ வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் குடியேறினார். பக்கத்துத் தெருவில் ஒரு கொரியப் பெண்மணியின் உடுப்புத் திருத்தும் கடை இருந்தது. அங்கே இருபத்திரண்டு வருடம் தைத்தார். அந்த உழைப்பில்தான் நாங்கள் படித்தோம்.

பெயர் விடயத்தில் அம்மா நெருப்பு. எங்களுக்குத் தேடித் தேடித் தூய தமிழ்ப் பெயர் வைத்தவர். அலுவலகத்தில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை என்று நான் என் பெயரைக் குறுக்கியபோது, "பெத்தவை வச்ச பேரை வித்துப்போட்டு வந்து நிக்கிறாய்" என்றார். பிறகு மூன்று மாதம் என்னோடு பேச்சில்லை. அழுதழுது பழைய பெயருக்கே திரும்பினேன்.

இறுதிக் கிரியையன்று அந்தக் கொரியப் பெண்மணி வந்தார். பெட்டியருகே நின்று, "போராம், போராம்" என்று மெல்ல அழைத்தார். யார் அது என்று கேட்டேன். உன் அம்மாதான் என்றார்.

கொரியர்கள் பெண் குழந்தைகளுக்கு வைக்கும் பெயராம் அது. பாடுபட்டு ஒன்றைச் செய்து முடித்த பின் மனதில் வரும் நிறைவு என்று பொருளாம். முன்பெல்லாம் சீன எழுத்தில் எழுதும் பெயர்களையே வைத்தார்களாம். பிறகு சொந்த மொழிச் சொற்களில் பலருக்கு ஆசை வந்ததாம். அந்தக் கதையைக் கேட்ட அம்மா, தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று இதைத் தெரிந்தெடுத்தாராம்.

உங்களுக்கென்று ஒரு பெயர் இருக்கிறதே என்று அவர் கேட்டதற்கு, அது விண்ணப்பப் படிவத்துக்கும் பில்லுக்கும் உரிய பெயர் என்றாராம் அம்மா. வீட்டில் அம்மா, அக்கா, மாமி. அப்பா கூப்பிடுவது வெறும் 'இஞ்சாரும்'. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை என்றாராம்.

ஊருக்கு உபதேசம் என்பார்கள். அம்மா அதை வீட்டுக்குச் செய்திருக்கிறார். என்னை மூன்று மாதம் அழவைத்த அதே நாட்களிலும் கடையில் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்திருக்கிறார். கடைசி மாதங்களில் பிக்கரிங்கில் என் வீட்டில்தான் இருந்தார். தலை வாரிவிட்டேன், கஞ்சி பருக்கினேன். அப்போதும் சொல்லவில்லை. ஏமாந்துபோனேன் என்பதைத் தவிர வேறு சொல் எனக்கு வரவில்லை.

நோயில் பார்த்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், ஒஷாவாவிலிருந்து நாள் தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த சித்திக்கும், துயரில் தோள் தந்த அனைவருக்கும் எங்கள் நன்றி. அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்த அந்தப் பெண்மணிக்கும் நன்றி. அதை மனமில்லாமல்தான் எழுதுகிறேன்.

என் கோபம் இன்னும் ஆறவில்லை, அம்மா. ஆனால் அச்சுக்குக் கொடுக்குமுன் இதை ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். நானும் ஓரிடத்தில்கூட உங்கள் பெயரைச் சொல்லவில்லை.