ரேடியோவும் காலணா அகலப் பெயிண்டும்

கொய்ய்ங்! மகன் வாங்கிய காரில் பாட்டுக்கு நடுவே அந்த இரைச்சல் எழுந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறியது. "ஸ்பீக்கர் கோளாறும்மா" என்றான். எனக்கு உச்சந்தலை கொதித்தது. இத்தனை வருசமாகியும் ஆறாத கொதிப்பு.

ஐம்பதுகளில் போடியில் ஓர் ஏலக்காய் முதலாளிக்கு அப்பா கார் ஓட்டினார். ஆயுத பூசைக்கென்று முதலாளி காருக்கு உள்ளும் புறமும் புதுப் பெயிண்ட் அடிக்க வைத்தார். மறுநாளே போடிமெட்டு ஏற்றத்தில் ரேடியோ இப்படித்தான் ஊளையிட்டது.

"எல்லாம் நீ ஓட்டுற லட்சணம்டா! ஒரு வாரத்துல இது நிக்கலேன்னா வேற சோலி பாத்துக்க" என்றார் முதலாளி.

ஏலக்காய் மணக்கும் கார் கொட்டகையில் அப்பா மூன்று நாள் மல்லாந்து கிடந்து தேடினார். பெயிண்ட் அடித்தவர்கள் ரேடியோவின் எர்த் கம்பியை, இரும்பில் படாமல், புதுப் பெயிண்ட்டின் மேலேயே முடுக்கியிருந்தார்கள்; பெயிண்ட் மின்சாரத்தை மறித்ததால்தான் அந்த ஊளை. அந்த இடத்தைக் காலணா அகலத்துக்குச் சுரண்டிவிட்டுக் கம்பியை மறுபடி முடுக்கினார். சோறு கொண்டு போன என்னிடம், "ஆத்தா, இப்பக் கேளு!" என்றார். எஞ்சின் உறுமியது, ரேடியோவில் நாதசுரம் மட்டும், அவ்வளவு சுத்தமாக!

அந்நேரம் முதலாளி வந்தார். குனிந்து சுரண்டலைத்தான் பார்த்தார். "பூசை போட்ட வண்டியச் சொரண்டிட்டியேடா! சாவிய வச்சுட்டுப் போ."

கடுக்கன் போட்ட இரண்டு காது இருந்ததே அந்த மனுசனுக்கு! எதற்கு இருந்தன?

அப்பா எஞ்சினை அணைத்து, சாவியைப் பானெட்டின் மேல் வைத்தார்.

"வர்றேன் மொதலாளி. அந்த எடத்துல மட்டும் மறுபடி பெயிண்ட் அடிச்சுராதீங்க."