மேனேஜர் தூங்கிய ஆட்டம்

என் மாமா, அதாவது அக்கா புருஷன், சலூன் வைத்திருக்கிறார். அடுத்த நாற்காலியில் முடி வெட்டுகிறவன் நான். மனுஷன் தங்கமானவர். ஆனால் செஸ் போட்டி என்று போனால் மண்ணைக் கவ்விவிட்டுத்தான் வருவார். வாழ்க்கையில் அவருக்கு ஒரே ஆசை. எதிரே இருப்பவரின் முகத்துக்கு நேரே ஒரு தடவையாவது "செக்மேட்" என்று சொல்லிவிட வேண்டும். கடைக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகுவார். கழுத்தில் சவரக்கத்தியோடு உட்கார்ந்திருப்பவர்கள் வெலவெலத்துப் போவார்கள்.

போன மாதப் போட்டியில் அவருக்கு வெள்ளைக் காய். எதிரே, எங்கள் நெடுநாள் வாடிக்கையாளரான பேங்க் மேனேஜர். மாமா வழக்கம்போல ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். அன்றைக்கு என்ன நல்ல நேரமோ, தொட்டதெல்லாம் துலங்கியது. கடைசியில் மேனேஜர் எந்தக் காயை நகர்த்தினாலும் அடுத்தது செக்மேட்தான். எனக்கே அது தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

சந்தோஷம் தாங்காமல் மாமாவின் விரல்கள் கத்தரி பிடித்த மாதிரி சொடுக்க ஆரம்பித்தன. டிக், டிக், டிக். கைப்பழக்கம், என்ன செய்வது? அந்தச் சத்தத்துக்கு எங்கள் நாற்காலியில் தூங்கியே பழகியவர் மேனேஜர். கண் சொக்கியது, தலை தொங்கியது, குறட்டையே வந்துவிட்டது. நகர்த்த வேண்டியவர் அவர் என்பதால் அவருடைய கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மாமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேரம் தீர்ந்தால் வெற்றி இவருக்குத்தான். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாதே! தட்டி எழுப்பலாமென்றால் போட்டி விதி விடாது. இருமிப் பார்த்தார். மேனேஜர் தூக்கத்திலேயே முகவாயைத் தூக்கிக் காட்டினார். மாமா நாற்காலியைச் சத்தமாக இழுத்துப் போட்டார். மேனேஜர் அடுத்த காதைத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னொரு சத்தம் வந்துச்சுன்னா வெளிய அனுப்பிடுவேன்," என்றார் நடுவர்.

நேரம் தீர்ந்தது. வெள்ளைக்கு வெற்றி. கைதட்டலில் விழித்த மேனேஜர் பிடரியைத் தடவிப் பார்த்தார்.

"காதோரம் இன்னும் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்ப்பா."

"சார், ஒரே ஒரு காயை நகர்த்துங்க சார். ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன்," என்று மாமா கெஞ்சினார்.

"அதான் ஜெயிச்சிட்டியே, இன்னும் என்ன?" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

வழி முழுக்க ஒரே புலம்பல். "நான் எங்க மாப்ளே ஜெயிச்சேன்? அவரு தூங்கிட்டாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முழிச்சிருந்தவங்ககிட்ட எல்லாம் தோத்தாச்சு. தூங்கினவர்கிட்டயாவது ஜெயிச்சீங்களே, விடுங்க மாமா!"

மனுஷன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

இப்போது கடையில் யாரையும் அவர் தூங்க விடுவதில்லை. கண் லேசாகச் செருகினால் போதும், "சார், முழிச்சிக்கோங்க!" என்று காதுக்குள் கத்துகிறார். பாதிப் பேர் எதிர்க் கடைக்கு ஓடிவிட்டார்கள். மேனேஜர் மட்டும் தவறாமல் வருகிறார். மாமா தொண்டை கிழியக் கத்துகிறார். அவர் எழுந்திருப்பதே இல்லை.