நாடா கட்டிய தக்காளிச் செடி

சேலத்தில் தங்கை பேத்தியின் ஞானஸ்நானத்துக்குப் போய் ஓர் இரவு தங்கித் திரும்பிய சாந்தாமேரி, மலைமேல் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும், பையைக்கூடக் கீழே வைக்காமல் சமையலறைக்குப் பின்னால் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பின்பக்கம் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுச் சுவருக்கும், மண் சரியாமலிருக்கக் கட்டிய கருங்கல் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் சந்து. பள்ளிக்கூட விடுதிச் சமையலறையில் பாதி ஆயுளைக் கழித்து, கூடை கூடையாக ஊரான் தக்காளியை நறுக்கி ஓய்ந்தவள், வேலையை விட்டதும் இங்கே பெயிண்ட் வாளிகளில் சொந்தமாகத் தக்காளி வைத்தாள். உயரமாக வளரும் செடிகளை மலைக்காற்று முறித்துப் போட்டது. அதனால் கோவையிலிருக்கும் மகள் ரூபி குட்டை ரக விதை வாங்கி அனுப்பினாள். முழங்காலுக்கு மேல் எழும்பாத, கனத்த சுருள் இலைச் செடிகள். கோல் நட வேண்டாம், கட்ட வேண்டாம்.

ஆனால் மழையோடு மூடுபனி இறங்கினால் அவற்றுக்கும் கருகல் வந்துவிடும். ஒவ்வொரு வருடமும் கொஞ்சமாவது தாக்குப்பிடித்த செடியில் விதை எடுத்து வைத்தாள். இந்த வருடம்தான் ஒரே ஒரு செடி, சுற்றியிருந்ததெல்லாம் கருகத் தொடங்கியும், இலையில் ஒரு புள்ளிகூட விழாமல் நின்றது. அதன் விதை கைக்கு வந்தால் மருந்தடிக்காத தக்காளி இந்தச் சந்தில் நிலைக்கும். மற்றதோடு கலந்துவிடாமலிருக்க அதன் தண்டில் சிவப்பு நாடா கட்டியிருந்தாள்.

இப்போது அந்த நாடா ஒரு மொட்டைக் குச்சியில் இருந்தது. பக்கக் கிளைகள் ஒன்றுமில்லை. கொழுந்தும் இல்லை, காய்க்கொத்தும் இல்லை. வெட்டிய இடமெல்லாம் அத்தனை சுத்தம்.

சாந்தாமேரிக்குக் கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும்.

"ஏனுங்க, இதுல கை வெச்சது யாரு?"

அவள் கணவர் ஸ்தனிஸ்லாஸ் காப்பி எஸ்டேட்டில் செடிக்குக் கிளை கழிக்கும் கவாத்து வேலை பார்த்தே தலை நரைத்தவர். வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவள் பின்னாலேயே சிரித்த முகமாக வந்திருந்தார்.

"நாந்தான் மேரி. நாடா கட்டியிருந்தயில்ல? எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டரு நாடா கட்டுன செடின்னா கவாத்துக்குன்னு அர்த்தம். உனக்குத் தெரியாததா? பொறந்ததே எஸ்டேட்டு லயத்து வீட்டுலதான. கத்தி பட்ட எடம் பாரு, ஒரு பிசிறு இல்ல."

"காய என்ன பண்ணுனீங்க?"

"எளஞ்செடிக்குப் பாரம் ஆகாதுன்னு கிள்ளிட்டேன்."

"இது காப்பியில்லீங்க. குட்டச் செடி. பக்கக் கெளையிலதான் காய்க்கும். மத்த வாளியெல்லாம் ஏன் உட்டீங்க?"

"அதுல நாடா இல்லியே."

சாந்தாமேரி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"போன வருசம் தட்டுல காய வெச்ச வெதைய எலிப்புழுக்கன்னு கூட்டித் தள்ளுனீங்க. பேசாம இருந்தேன். கேக்கறதுக்கு வாயி இல்லியா உங்களுக்கு? போன்ல ஒரு வார்த்த, 'இத என்ன பண்றது'ன்னு. எம்பட வாளியில எதுக்கு உங்க கத்தி?"

"நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

"நல்லது பண்ணியே கொல்றீங்க. வெட்டுனதெல்லாம் எங்க?"

"மேட்டு வீட்டுப் பொன்னாயி ஆட்டுக்கு எடுத்துட்டுப் போச்சு."

சாந்தாமேரி செருப்பை மாட்டிக்கொண்டு மேட்டு வீட்டுக்கு நடந்தாள். ஆட்டுப்பட்டி வாசலில் பொன்னாயி சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தழையா மேரியக்கா? ஆடு மோந்து பாத்துட்டுத் தும்முச்சு. கொஞ்சந்தான் தின்னுச்சு, மிச்சம் அந்த மூலையில கெடக்குது." சாந்தாமேரி முகத்தைப் பார்த்தவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "மாமன் வேலையா? போவட்டும் உடுக்கா. தூங்கறப்ப உன்னையக் கவாத்து பண்ணாம உட்டாரே."

சாந்தாமேரி சிரிக்கவில்லை. குனிந்து, மிதிபட்டதையும் கடிபட்டதையும் தள்ளி, துவண்டு கிடந்த கிளைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். விடுதிச் சாக்கடையோரம் யாரோ ஒடித்தெறிந்த தக்காளித் தண்டு தானே வேர்விட்டு நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். அது ஒன்றுதான் இப்போது பிடிமானம்.

கிளைகளைத் தண்ணீர் வாளியில் நிறுத்தி நிழலில் வைத்தாள். சாயங்காலம் சில தலை நிமிர்ந்தன. நிமிர்ந்தவற்றை மட்டும் ஈரமண்ணில் ஊன்றினாள். ஸ்தனிஸ்லாஸ் எங்கோ போய் ஒரு கட்டுப் பெரணித் தழை அறுத்துவந்து, சந்துக்குள் கால் வைக்காமல் நின்றார். காப்பி நாற்றங்காலில் இளஞ்செடிக்கு அதைத்தான் நிழலாகச் செருகுவார்கள்.

"மேரி, இத மேல சொருகட்டுமா?"

கலியாணமான நாளிலிருந்து அவர் கேட்டுச் செய்யவந்த முதல் காரியம் அது. அதுவே அவள் கோபத்தை இன்னும் கிளறியது. கேட்கத் தெரிந்த மனிதர்தானே.

"அங்கயே வெச்சுட்டுப் போங்க. நான் சொருகிக்கறேன்."

பிறகு மொட்டைக் குச்சியிலிருந்து நாடாவை அவிழ்த்து, பின்கதவுக் கொண்டியில் கட்டினாள்.

"உங்க எஸ்டேட்டுல இதுக்கு என்ன அர்த்தமோ எனக்குத் தெரியாது. இந்த ஊட்டுல, கை வெக்காதீங்கன்னு அர்த்தம்."

ஊன்றியதில் இரண்டு பிழைத்தன. பக்கத்து வாளிகளில் கருகல் ஏறியபோதும் அவற்றின் இலை பச்சையாகவே இருந்தது. குளிர் தொடங்குமுன் சிறிதாகச் சில பழங்கள் கிடைத்தன. சாந்தாமேரி ஒன்றைக்கூட வாயில் வைக்காமல் எல்லாவற்றையும் பிழிந்து, விதையை அலசி, தட்டில் பரப்பி வாசல் வெயிலில் வைத்தாள். கொண்டியிலிருந்த நாடாவை எடுத்துவந்து தட்டைச் சுற்றிக் கட்டினாள்.

விதை காய்ந்து உதிரும்வரை ஸ்தனிஸ்லாஸ் தன் நாற்காலிக்குத் தட்டைச் சுற்றிக்கொண்டுதான் போய்வந்தார். "காக்கா வருது, தொரத்தட்டுமா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"தொரத்துங்க," என்றாள் உள்ளேயிருந்து, இன்னும் இறங்கிய குரலிலேயே. "தட்டத் தொடாம தொரத்துங்க."