யாருக்கும் பொருந்தாத கோட்டு

நம் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைக்கச் சில வாரங்களே இருந்தன. நானும் என் மனைவியும் மலாக்கா காஜா பேராங் பகுதியில் ஒரு பலகை வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம்.

பிள்ளைகளே, அதற்கு முன் எட்டு வருடம் நான் ரப்பர் தோட்டத்தில் காண்டா தூக்கியவன். காண்டா என்றால் இரு முனையிலும் பால் வாளி தொங்கும் கம்பு. அதைச் சுமந்து சுமந்து என் வலது தோள் புடைத்து, இடது தோளைவிட உயர்ந்துவிட்டது.

டவுனில் ஒரு விடுதியில் சாப்பாடு பரிமாற ஆள் எடுத்தார்கள். வெள்ளைக் கோட்டும் கால்சட்டையும் நாமே கொண்டுபோக வேண்டும். உடம்பில் ஒழுங்காக நிற்காவிட்டால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்களாம். மறுநாள் காலை போயாக வேண்டும். மனைவிக்கு அப்போது ஏழு மாதம். இந்த வேலை இல்லையென்றால் மறுபடியும் தோட்டம்தான்.

வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம் அது. அவர்கள் போட்டுக் கழித்த துணிகளை ஒரு வியாபாரி சாலையோரம் கித்தான் விரித்துக் கொட்டி வைத்திருந்தார். நானும் மனைவியும் அங்கே போனோம். நடுரோட்டில் கால்சட்டையை மாட்டிப் பார்க்க முடியுமா? இடுப்புப் பட்டையைக் கழுத்தில் சுற்ற வேண்டும். இரு முனையும் பிடரியில் தொட்டால் இடுப்புக்குச் சரி. எனக்கு முதல் கால்சட்டையே தொட்டது. கோட்டுதான் படுத்தி எடுத்தது.

ஒன்று, இரண்டு, ஐந்து கோட்டு போட்டேன். எல்லாமே வலப்பக்கம் தூக்கிக்கொண்டு, கழுத்தருகே பிதுங்கி நின்றன.

வியாபாரி சிரித்துவிட்டார். "அண்ணே, கோட்டுல கோளாறு இல்ல. உங்க தோளுலதான்."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "வா, போயிரலாம்" என்றேன்.

மனைவி அசையவில்லை. குவியலின் அடியில் கைவிட்டு ஒரு வெள்ளைக் கோட்டை இழுத்தாள்.

"அத விடு தங்கச்சி. கோணக் கோட்டு. ஊரு ஊரா தூக்கிட்டுத் திரியிறேன், போட்டவனெல்லாம் திட்டிட்டுப் போறான்."

"எங்க வீட்டுலயும் ஒரு கோணல் இருக்கு அண்ணே, போட்டுப் பாக்கட்டும்" என்றாள் அவள்.

போட்டேன். உடம்பில் ஊற்றியதுபோல் உட்கார்ந்தது! வலது தோளை மட்டும் உயர்த்தித் தைத்திருந்தார்கள். சிரித்தவர்கள் கிட்டே வந்து பார்த்தார்கள். வியாபாரி என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"அட, இது எந்தத் தொர போட்டது?"

"அவரும் காண்டா தூக்கியிருப்பாரு" என்றாள் மனைவி. அந்த இடமே அதிர்ந்தது. இந்த முறை நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் விடுதியின் மேற்பார்வையாளர் கோட்டின் ஓரத்தை இழுத்துப் பார்த்தார், காலரைத் தொட்டுப் பார்த்தார். குறை கண்டுபிடிக்க முடியவில்லை. "யார் தைத்தது?" என்று மட்டும் கேட்டார். வேலை கிடைத்தது. மெர்டேக்கா விருந்தன்று அந்தக் கோட்டோடு, கனத்த தட்டுகளை அதே வலது தோளில் ஏந்தி நடந்தேன். ஒரு கிண்ணம்கூட ஆடவில்லை.

அந்த முகம் தெரியாத துரையின் தோள் ஏன் உயர்ந்ததோ, எனக்குத் தெரியாது. ஆனால் இன்றைக்கும் சட்டை தைக்கக் கொடுக்கும்போது, அளவெடுப்பவர் கேட்பதற்கு முன்பே என் வலது தோளை நானே தட்டிக் காட்டுகிறேன், வெட்கத்தோடு அல்ல.