மூன்றாம் மாத்திரை

காசநோய்க்கு மாத்திரை தொடங்கிய நாளிலேயே, சிறுநீர் செந்நிறமாகப் போகும், அஞ்ச வேண்டாம் என்று திண்டிவனம் மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். அச்சொல்லை நான் இறுகப் பற்றிக்கொண்டேன். ஆகவே, ஐந்தாம் வாரத்தில் அது கடுந்தேநீரின் நிறத்திற்குக் கறுத்தபோதும், மருந்து தன் கடமையைச் செய்கிறது என்றே மகிழ்ந்தேன். சோறு கசந்தது. பகலெல்லாம் நீருக்கடியில் நடப்பது போலிருந்தது. நெடுஞ்சாலைப் பேருந்துகளின் ஒலிகூட எங்கோ தொலைவிலிருந்து மிதந்து வந்தது.

ஒரு காலை, வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாங்க, கண்ணு ரெண்டும் மஞ்சளா பூத்துக்கினு இருக்குது?"

மருந்தின் சாயம் என்றேன்.

"மூத்திரத்துக்குத்தானே சொன்னாங்க, கண்ணுக்குமா சொன்னாங்க?"

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன்.

அன்றே விழுப்புரம் சென்றோம். இரத்தம் சோதித்த பெண் மருத்துவர் மாத்திரைகளை நிறுத்தினார். நான்கு மருந்துகள் ஒரே மாத்திரையில் கலந்திருப்பதாகவும், அவற்றுள் மூன்று கல்லீரலைத் தாக்கவல்லவை என்றும், எது தாக்கியதென்று பிரித்துத்தான் அறிய வேண்டும் என்றும் விளக்கினார். மருந்தை விட்டால் நுரையீரல், தொடர்ந்தால் கல்லீரல் என்பது எனக்குப் புரிந்தது. கீழாநெல்லி அரைத்துத் தரலாமா என்று மனைவி கேட்டாள்.

"அதுவும் சேந்துட்டா, திருடன் யாருன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்று மருத்துவர் சிரித்தார்.

மஞ்சள் தெளியச் சில வாரங்கள் ஆயின. அதுவரை ஈரலை வருத்தாத வேறு மருந்துகள். பின்னர், சந்தேகத்துக்குரிய அம்மூன்றும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முதலாவதால் தீங்கில்லை என்றது இரத்தம். இரண்டாவதும் அவ்வாறே. விழுங்கியபின் வயிற்றின் வலப்புறம் கைவைத்து, உள்ளே நடப்பதை ஒட்டுக்கேட்பவனைப்போல் படுத்திருப்பேன். கொடியில் உலரும் வேட்டியின் நிழல் சுவரில் ஏறி இறங்கும்.

மூன்றாவதன் நான்காம் நாள், சோற்றின் வாடை குமட்டியது. மறைத்தேன். இதையும் தாண்டிவிட்டால் ஆறே மாதத்தில் எல்லாம் முடியும் என்ற ஆசை. மனைவி என் தட்டைப் பார்த்தாள். விழுப்புரம் புறப்படப் புடவை மாற்றிக்கொண்டு வாயிலில் வந்து நின்றாள்.

இரத்தமும் அவள் பக்கமே சாட்சி சொன்னது. மருத்துவர் அந்த மூன்றாம் மருந்தின் பெயரை, பைராசினமைடு என்று சீட்டில் எழுதி, அதன்மேல் கோடிழுத்தார்.

"ஐயா, இனி யார் கொடுத்தாலும் இதைச் சாப்பிடாதீங்க. மத்ததைக் கூடுதல் மாசம் சாப்பிடணும், பரவாயில்லையா?"

நான் வாய் திறக்குமுன், "எத்தினி மாசம்னாலும் சாப்புடுவாருங்க" என்றாள் மனைவி.

ஊர் திரும்பிய பேருந்து திண்டிவனம் அடைந்ததுகூட அறியாமல், அவள் தோளில் சாய்ந்து உறங்கிப்போயிருந்தேன்.